எபிரேய வழிபாட்டுப் பாக்களும் இபின் எஸ்ராவின் மறுப்பும்

யூதர் வழிபாட்டில் நியதமாய் ஓதப்பெறும் உரைகளினிடையே சேர்த்துப் பாடப்படும் எபிரேயச் செய்யுட்கள் பிய்யூத் எனப்படும். இப்பெயர் புலவன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. இவற்றைப் பலஸ்தீனத்தில் வளர்த்தோர் யோசே பென் யோசே, யன்னாய், எலெயாசார் காலிர் முதலியோர். 22 எழுத்துக்களையும் முறையே முதலாகக்கொண்டு அடி தொடுத்தலும், முதலெழுத்துக்களைக் கூட்டப் புலவன் பெயர் தோன்றவைத்தலும் அவர் வழக்கு. வருக்கமாலை பயின்றார்க்கு முன்னது புதுமையன்று.

இவருட் காலிரின் நடை மிகக் கடியது. ஆபிரகாமைப் பெயராற் கூறாது, உறுதியுடையான் என்னும் பொருளதாய ‘ஏதான்’ என்பர். வேண்டுழிச் சொற்களைக் குறைத்தும் புதிது படைத்தும் கொள்வர்.

இதனை வன்மையாய்க் கடிந்தவர் ஸ்பெயின் நாட்டு ஆபிரகாம் இபின் எஸ்ரா. 1140-இல் உரோமையில் தாம் இயற்றிய பிரசங்கி நூலுரையில், இறைவன் திருமுன் சொற்சுருங்குக என்னும் பொருளுடைய இடத்தில், காலிர்மேல் நான்கு குற்றம் சாற்றினார்: பாக்கள் விடுகதைபோல் மறைபொருளாயிருத்தல், தல்மூத் மொழி விரவுதல், இலக்கண வழு மலிதல், பழங்கதைகளையே பொருளாகக் கோடல். இவை நான்கும் அற்றன என்று சாஅதியாவின் வேண்டுதற் பாக்கள் இரண்டினைப் புகழ்ந்தார்.

இரண்டாவதும் மூன்றாவதும் நிலைபெறா. விவிலிய எபிரேயம் ஒன்றனையே அளவுகோலாகக் கொண்டது பிற்கால ஸ்பானிய மரபு. காலிர்க்கு அஃது உடன்பாடன்று. ஒரு காலத்து இலக்கணத்தால் மற்றொரு காலத்துப் புலவனை வழுப்படுத்தல் நேரிதன்று. கெய்ரோத் தொழுகைக்கூடத்தில் ஒதுக்கியிருந்த பழஞ்சுவடிகளை 1896-97-இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொணர்ந்தார். அவற்றினின்று யன்னாயின் பாக்கள் 1919-இல் டேவிட்சனால் அச்சேறின. வாரந்தோறும் படிக்கும் வேதப் பகுதியோடு இணைத்தே அவை பாடப்பட்டன என்பது அவற்றால் தெளிவாயிற்று. அப்பகுதியையும் அதன் கதைகளையும் அன்றே செவிமடுத்தார்க்குக் குறிப்புமொழி இருளாகாது. ஆகவே நான்காங் குற்றமும் பெரிதும் மெலிகின்றது.

முதற்குற்றமோ அங்ஙனமன்று. 13-ஆம் நூற்றாண்டிற் பொகீமியாவில் ஆபிரகாம் பென் அஸ்ரியேல் இப்பாக்களுக்குப் பேருரை வகுக்க நேர்ந்தது. உரைகாணாது விளங்காத பாட்டைத் தொழுகையில் நின்று பாடுவோன் நெஞ்சு எதனைப் பற்றும்? இபின் எஸ்ராவின் வினா ஈண்டு வலியுடையதே. எனினும் காலிரது என வழங்கும் மழை வேண்டற் பாட்டு, முன்னோரை நீரொடு தொடர்புடைய அவர்தஞ் செயல்களாற் குறித்துச் செல்வது. அதனை அஷ்கெனாசி யூதர் கூடாரத் திருநாளின் முடிவில் இன்றும் பாடுகின்றனர். இபின் எஸ்ராவும் பாக்கள் பல இயற்றினார். ஓய்வுநாட்குரிய அவர் பாட்டொன்றில் முதலெழுத்துக்கள் ஆபிரகாம் என்றே அமைந்துள்ளன.