வாசி தீர்ந்த காசு

திருவீழிமிழலையிலே வற்கடம் நேர்ந்த காலத்து, ஆளுடைய அரசரும் ஆளுடைய பிள்ளையாரும் நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்த வரலாற்றைச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்துள் விரித்தருளினர். அரசர் பெற்ற காசு வாசியில்லாதது. பிள்ளையார் பெற்றது வாசியுடையது. வாசியாவது காசினை மாற்றுங்கால் வணிகர் கழிக்கும் வட்டம். அவ்வாசி தீர்க்கும்படி பிள்ளையார் இறைவனை வேண்டிப் பாடினர் என்றல், பொறாமையுடைமையை அவர்மேல் ஏற்றுவதாகாதோ எனத் தடை நிகழ்த்துவார் உளர்.

இத்தடை நூலின் முறைவைப்பை நோக்காமையான் எழுந்தது. பசிநோய் அவ்விருவரையும் அணுகாது என்றும், அவரைச் சார்ந்தோர் வாட்டம் நீங்கவே காசு அளிக்கப்படும் என்றும் இறைவனே கனவில் அருளிச்செய்தான். ஆகலின் பிள்ளையார் தம்பொருட்டு வேண்டினாரல்லர். அரசர் திருமடத்தில் அடியார்கள் காலத்தே அமுதுசெய்ய, தம் மடத்தில் அது தாழ்த்தலை அவர் கண்டார், அடுவாரை வினாவினார், வாசியே காரணம் என்று தெளிந்தார். அதன்பின்னரே முதற்றிருமுறையில் 92ஆவதாய் விளங்கும் திருவிருக்குக்குறட் பதிகம் எழுந்தது. ஏவலரை வெகுளாமையும், வணிகரைப் பழியாமையும், காரணத்தை ஆராய்ந்து களைதலும் ஈண்டு உற்றுநோக்கத்தக்கன. அரசர் கைத்தொண்டு செய்தமையால் நற்காசு பெற்றார் என்பது உண்மையே. ஆயினும் அவ்வளவில் அமைவோர், உண்பார் இலைமுன் காத்திருந்த பொழுதினைக் கருதாது விடுவர்.

ஈவோன் கடமை பொருளை ஈந்த அளவில் முடிவதன்று. அது குறையாமலும் தாழாமலும் பசித்தோன் வாயிற் சேருங்காறும் நீள்வது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் இதற்கு மறுதலைச் சான்றாகும். 1877 சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், சென்னை மாகாணத்துப் பஞ்சநிவாரண வேலையாளர் கூலியை நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் அவ்வளவு உடலைத் தாங்காது என்று எதிர்த்தார். சில திங்களுள் அரசினர் அதனைத் தளர்த்தினர். முன்னவர் கருவூலத்தை நோக்கி அளந்தார். பின்னவர் உண்பான் மெய்யை நோக்கி அளந்தார். பிள்ளையார் காட்டிய நெறி பின்னதேயாம்.

அம்மடங்களிற் சோறு பெற்றோர் சிவனடியாரன்றோ, பிறர்க்கு என்னை எனின், கூறுதும்: இருபொழுதும் பறையறைந்து அழைக்கப்பட்டோர் அடியாரே என நூல் கூறுதல் மறுக்கற்பாலதன்று. ஆயினும் அவ்வாசிரியரே திங்களூரில் அப்பூதியடிகள் அமைத்த தண்ணீர்ப்பந்தரையும் பாடினர். அது வழிச்செல்வார் வேட்கை தணிக்க வழியில் நின்றது. நீர் வேண்டினார்க்கு வேட்கையே அடையாளம். ஒன்று சார்ந்தாரைக் காத்தல். மற்றொன்று வந்தாரைக் காத்தல். இவ்விரண்டனுள் ஒன்றையே கொண்டு மற்றதனை விடுதல் அந்நூலைப் பாதி கற்றலேயாம்.