எல்லா வினாவுக்கும் பியர்சன்தானா? நம் செயலாய்வுகளைப் பற்றிச் சில வார்த்தைகள்



சிலிம் ரிவர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குத் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளி வேலையோடு முதுகலை ஆய்வையும் சுமப்பவர்களின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆய்வு வினா எதுவானாலும் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளைத் திறந்து பியர்சன் ஒட்டுறவைப் போட்டுவிடும் பழக்கம்தான் அது. வினாவுக்கு ஏற்ற கருவியா என்று யாரும் நின்று கேட்பதில்லை.

முதலில் தரவைப் பாருங்கள். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். ரத்தான பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலைக்கு முக்கியத்துவம் கூடியது. 1 முதல் 6 வரை எண் போட்டிருந்தாலும் அது வரிசை மட்டுமே. இரண்டாம் நிலையிலிருந்து மூன்றுக்குப் போவதும் ஐந்திலிருந்து ஆறுக்குப் போவதும் ஒரே தூரமா? இல்லையே! பியர்சன் கெழுவோ இரண்டு அளவுகளுக்கு இடையிலான நேர்க்கோட்டு உறவை அளப்பது. வீட்டு வாசிப்பு நேரத்துக்கும் அடைவுநிலைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இல் தந்த தர ஒட்டுறவே பொருந்தும். ஒரே நிலையில் பல மாணவர்கள் குவிந்திருந்தால் கெண்டலின் டௌ-பி இன்னும் நல்லது.

அடுத்து, வினாவையே கவனியுங்கள். “என் வாசிப்புத் திட்டம் மாணவரை முன்னேற்றியதா?” என்று கேட்டுவிட்டு, முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒட்டுறவு கணக்கிடுகிறோம். வகுப்பில் எல்லாருக்கும் 10 புள்ளி கூடினாலும் ஒட்டுறவு 1. எல்லாருக்கும் 10 புள்ளி குறைந்தாலும் அதே 1! மாணவர்களின் வரிசை மாறவில்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. முன்னேறினார்களா என்பதைச் சொல்லாது. அதற்கு இணை டி-சோதனையோ வில்காக்சன் சோதனையோதான் வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. பேராக்கில் தோட்டப்புறத்தில் தோன்றிய பள்ளிகள் பல, 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளாகிவிட்டன. ஒரு வகுப்பில் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுறவு 0.6 வந்தால் உடனே “உயர்ந்த தொடர்பு, பொருண்மையானது” என்று எழுதிவிடுவோம். ஆனால் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 0.04 முதல் 0.87 வரை நீள்கிறது. தொடர்பு மிக வலுவாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட இல்லாமலும் போகலாம். இதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை. 12 பேரை வைத்து நான்கு காரணிகளோடு பன்மைத் தொடர்புப்போக்கு போடுவதும் வேண்டாம். ஒரு காரணிக்குக் குறைந்தது 10 முதல் 15 பேர் என்பது பலரும் பின்பற்றும் தோராய விதி.

நான்காவதுதான் பிள்ளைகளை நேராகப் பாதிப்பது. ஒரு தேர்வில் மிகக் குறைந்த புள்ளி எடுத்தவர்களை மட்டும் குறைநீக்கல் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்களின் சராசரி சற்று ஏறும். அன்று காய்ச்சலில் எழுதியவனும் அந்தக் குழுவில் இருப்பான் அல்லவா? பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஆராய்ந்து பிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதியது இந்தச் ‘சராசரியை நோக்கிய பின்னடைவு’ பற்றித்தான். ‘ரிக்ரெஷன்’ என்ற பெயரே அங்கிருந்து வந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் “திட்டம் வெற்றி” என்று அறிவித்தால், பயன் தராத திட்டம் அடுத்த ஆண்டும் தொடரும். பிள்ளைக்கு உண்மையில் தேவைப்பட்ட உதவி கிடைக்காமல் போகும்.

அப்போ என்ன செய்யணும்? ஆய்வு வினாவை எழுதிய கையோடு இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

• இரண்டு மாறிகளின் தொடர்பு மட்டும் போதுமா? புள்ளிகளாக இருந்து, உறவு நேர்க்கோடாகத் தெரிந்தால் பியர்சன். நிலை, தரம் என்றால் ஸ்பியர்மன் அல்லது கெண்டல்.
• ஒன்றைக் கொண்டு மற்றொன்றை முன்கணிக்க வேண்டுமா? அப்போது தொடர்புப்போக்கு. முன்கணிக்க வேண்டியது புள்ளி என்றால் நேரியல்; தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்றால் லாஜிஸ்டிக்; அடைவுநிலை என்றால் வரிசை லாஜிஸ்டிக்; பள்ளிக்கு வராத நாள் எண்ணிக்கை என்றால் பாய்சான் வகை.
• முன்னேற்றம் பற்றிய வினாவா? ஒட்டுறவை விடுங்கள், வேறுபாட்டைச் சோதியுங்கள்.

கணக்குக்கு முன் சிதறல் வரைபடம் வரைவதை மறக்காதீர்கள். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் நான்கு தரவுத் தொகுதிகளைக் காட்டினார். நான்கிலும் ஒட்டுறவு ஏறக்குறைய 0.816, தொடர்புப்போக்குக் கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு, இன்னொன்றில் ஒரே ஒரு விலகிய புள்ளி முழுக் கோட்டையும் இழுக்கிறது. எண் மறைத்ததைக் கண் பிடித்துவிடும்.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஒன்று: ஒட்டுறவு 0.4 என்றால் அது 40 விழுக்காடு அல்ல. வர்க்கப்படுத்துங்கள், நேரியல் மாதிரி விளக்கும் மாறுபாடு 16 விழுக்காடுதான். மீதி 84-ஐப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கதையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.