சுரங்கத்துக்கு அடியில் ஒரு தொழிற்சாலை

‘லைவ் அட் ட்ரியோர்க்கி’ 1974-ல் வெளிவந்த இசைத்தட்டு. தெற்கு வேல்ஸின் ரோந்தா பள்ளத்தாக்கில் இருக்கும் ட்ரியோர்க்கி ரக்பி கிளப்பில், முந்தைய ஆண்டின் கடைசியில் ஓர் இரவு, மேக்ஸ் பாய்ஸ் என்பவர் கிடாரோடு நின்று பாட்டும் கதையும் பகடியுமாகக் கொட்டியதை அப்படியே பதிவு செய்து விற்றார்கள். பாட்டுக்காரரின் அடையாளம் சிவப்பு வெள்ளை மஃப்ளரும் கையில் ஆளுயரத்துக்கு ஒரு லீக்ஸ் தண்டும். வேல்ஸின் தேசியச் சின்னமே அந்தக் காய்தான். இந்தக் கோலத்தைப் பார்த்து நெளிகிற வேல்ஸ்காரர்களும் உண்டு. எங்களைக் கோமாளி ஆக்கிட்டான்யா என்பது அவர்கள் வருத்தம்.

அந்த வருத்தத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு கிராமத்து ரக்பி கிளப் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், நூற்றாண்டு மலர்களைப் படிக்கச் சொல்லமாட்டேன், இதைக் கேட்கத்தான் சொல்வேன். அந்த மலர்கள் எல்லாம் ஒரே மாதிரி: கேப்டன்களின் பட்டியல், கமிட்டியின் பட்டியல், கைகட்டி நிற்கும் குழுப்படம், நடுவில் இருப்பவர் மடியில் பந்து, பந்தின்மேல் வெள்ளையில் எழுதிய வருஷம். இறந்தவர்கள் அதில் வரிசையாக நிற்பார்கள், பேசமாட்டார்கள். பாய்ஸின் தட்டில் ஊரே பேசுகிறது.

அந்த ஊர் எப்படி ஒரு கிளப்பைச் சுற்றிக் கூடியது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேல்ஸ் ரக்பி சங்கம் 1881-ல் தொடங்கியது. வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடச் சொல்லும் சட்டம் வந்ததும் அதே 1881-ல்தான். சட்டத்துக்குப் பின்னால் நின்றது சாப்பல், அதாவது ஆங்கிலிக்கன் திருச்சபையிலிருந்து விலகிய எளிய தேவாலயங்கள். உறுப்பினர் கிளப்புகளுக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது. விளைவு என்ன? மதுக்கடையின் பின்னறையில் உடைமாற்றிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தே போன ஒரு ஆட்டத்துக்குப் பிற்பாடு சொந்தக் கட்டடமும் சொந்த பாரும் கிடைத்தன. சாப்பல் சும்மா இருக்கவில்லை. 1904-ல் இவான் ராபர்ட்ஸின் மத எழுச்சி பரவியபோது சில கிளப்புகளே கலைந்துபோயின. ஆனால் அடுத்த வருஷம், 1905 டிசம்பரில், கார்டிஃபில் நியூசிலாந்தின் ஹக்காவுக்கு எதிராகக் கூட்டம் வேல்ஸ் கீதத்தைப் பாடியது. வேல்ஸ் 3-0 என்று ஜெயித்தது.

இந்தச் சண்டையின் முடிவைத்தான் பாய்ஸ் பாடுகிறார். ‘உடனடிக் கிறிஸ்தவர்கள் பத்தாயிரம் பேர்’ என்று ஒரு பாட்டின் தலைப்பு. ஞாயிறு சாப்பலுக்குப் போகாதவர்கள் சனிக்கிழமை மைதானத்தில் துதிப்பாடலை நாலு குரலில் பாடுகிற வேடிக்கை அது. நம்பிக்கை போய்விட்டது, ராகம் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. இதைப் பற்றி ஒரு சமூகவியலாளர் முந்நூறு பக்கம் எழுதலாம். பாய்ஸுக்கு ஒரு தலைப்பு போதுமாயிருக்கிறது.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது ‘அவுட்சைட் ஹாஃப் தொழிற்சாலை’ என்ற பாட்டு. அவுட்சைட் ஹாஃப் என்பது பத்தாம் எண் சட்டைக்காரர், ஆட்டத்தின் மூளை. கிளிஃப் மார்கன் ட்ரெபானோக்கிலிருந்து, பாரி ஜான் கெவ்னெய்தினிலிருந்து, ஃபில் பென்னட் வெலின்வோலிலிருந்து வந்தார்கள். வரைபடத்தில் தேடிப்பிடிக்க வேண்டிய ஊர்கள். இவ்வளவு சின்ன இடத்திலிருந்து எப்படி இத்தனை பேர்? சுரங்கத்துக்கு அடியில் ரகசியமாக ஒரு தொழிற்சாலை ஓடுகிறது என்கிறார் பாய்ஸ். கடைசியில் பாரி ஜானை வார்த்த அச்சு விரிசல் விட்டுப்போக, இயந்திரங்கள் நின்றுவிடுகின்றன. 1972-ல் 27 வயதிலேயே ஓய்வுபெற்ற ஓர் ஆட்டக்காரனைப் பற்றிய பகடிதான் இது. ஆனால் நிலத்துக்கடியில் இயந்திரம் நின்றுபோவதைப் பற்றி ரோந்தாவில் நின்று பாடினால் அது வேறு எதையோ பற்றியதாகவும் ஆகிவிடாதா? 1920 வாக்கில் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். பாய்ஸ் பாடும்போது மூடுவிழாக்கள் தொடங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவரும் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். அவர் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு சுரங்க வெடிவிபத்தில் அப்பா இறந்துபோனார். சுரங்கம் மூடுவதைப் பற்றி அழுத்தமாகவே ஒரு பாட்டு இதே தட்டில் இருக்கிறது, ‘டியூ, இட்ஸ் ஹார்ட்’. நல்ல பாட்டுதான். ஆனால் எனக்கு அந்த நேரடிச் சோகத்தைவிடத் தொழிற்சாலைப் பகடிதான் ஆழமாகப் படுகிறது. அங்கே அவர் அழச் சொல்லவில்லை.

பாதி நியாயம் என்றேனே, அதற்கு வருகிறேன். சட்டைகளைத் துவைத்தவர்கள், ஆட்டம் முடிந்ததும் சாண்ட்விச் அடுக்கியவர்கள், அதே கிளப்பின் பாருக்குள் வெகுகாலம் நுழைய முடியாமல் இருந்தவர்கள் — அந்தப் பெண்களுக்கு இந்த உலகத்தில் குரல் அநேகமாக இல்லை. இன்னொன்று, தட்டு வெற்றி பெற்றபிறகு பீரும் லீக்ஸுமே கிளப் என்று ஆகிப்போனது. பாய்ஸ் கொண்டாடும் 1972-ன் பெரிய வெற்றி, லானெல்லி நியூசிலாந்தை 9-3 என்று வீழ்த்தியது. அதன் பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ், பாரி ஜானின் அதே கெவ்னெய்தின்காரர், வேல்ஷ் மொழியும் இலக்கியமும் கற்பித்தவர். 1970-ல் நிறவெறித் தென்னாப்பிரிக்க அணி லானெல்லிக்கு வந்தபோது, தன் பையன்களிடம் பேசிவிட்டு, ஆட்டத்தைப் பார்க்க மறுத்தார். கிராமத்துக் கிளப் இப்படி ஒரு மனிதரையும் உண்டாக்கியிருக்கிறது. ஆனால் வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போன சித்திரத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்குப் பாய்ஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, விற்றது எது என்பதுதான் விஷயம்.

1995-ல் ரக்பி சம்பள ஆட்டமானது. 2003-ல் மேல்மட்ட ஆட்டத்தை ஐந்து பிராந்திய அணிகளாகச் சுருக்கினார்கள். பள்ளத்தாக்குகளுக்கென்று இருந்த செல்டிக் வாரியர்ஸ் ஒரே பருவத்தில் கலைக்கப்பட்டது. கிராமத்துக் கிளப்புகள் கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருக்கின்றன. கார்டிஃபில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடும் அரங்கில் பாய்ஸின் ‘ஹிம்ஸ் அண்ட் ஏரியாஸ்’ இன்றும் ஒலிக்கிறது, பெரும்பாலும் கோரஸ் மட்டும்.

தட்டில் அது முழுசாக இருக்கிறது. இப்போதெல்லாம் கேட்கும்போது நான் பாய்ஸைவிட எதிரே இருக்கிறவர்களைத்தான் கவனிக்கிறேன். யாரும் சொல்லித்தராமலே சேர்ந்து பாடுகிறார்கள், அடுத்த பகடி வருவதற்குள் சிரிக்கிறார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மார்டி சுரங்கம், ரோந்தாவின் கடைசிச் சுரங்கம், மூடப்படுவதற்கு இன்னும் பதினேழு வருஷம் இருந்தது.