குணசேகரனும் மிக்ஸி பில்லும்

வக்கீல் வைக்காமல் வாதாடுவது என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 1952-ல் வந்த ‘பராசக்தி’. கலைஞர் வசனம், சிவாஜி குரல். இன்று பார்த்தாலும் அசத்தல்! ஆனால், அந்த கோர்ட் ஒரு பொதுக்கூட்ட மேடை. குணசேகரன் செய்ததை மறுக்கவில்லை. ஊரையே கூண்டில் ஏற்றுகிறான். ஒரு காகிதம்கூட நீட்டவில்லை.

படம் பார்த்து நாம் கற்றது, கோர்ட் என்றால் அடுக்குமொழி வேண்டும் என்பதை. ‘எனக்குப் பேச வராதுங்க’ என்று ஒதுங்கிவிடுகிறோம்.

பனமரத்துப்பட்டியில் இருக்கிறீர்கள். சென்னையில் வாங்கிய மிக்ஸி புகைகிறது, கடைக்காரர் கையை விரிக்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். பில், கடைக்கு எழுதிய கடிதம், தபால் ரசீது, நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லும் ஒரு மனு... இவை பேசும், உங்களுக்குப் பதிலாக.

பாகப்பிரிவினை, கிரிமினல் கேஸ் என்றால் வக்கீலிடமே போங்கள். மிக்ஸிக்கு வசனம் வேண்டாம். பில்லைக் கிழித்துப் போடாமல் இருந்தால் போதும்.