பாரினெல்லியின் மேடைத் துறவு

கார்லோ புரோசுகி என்னும் இயற்பெயருடைய பாரினெல்லி (1705–1782) 1737இல் இலண்டன் மேடையை நீங்கி இசுபானிய அரசவை புக்கதனை, அவர்தம் கலைவாழ்வின் முடிவெனக் கூறுவாருளர். அஃது பொருந்தாதென்பது எம் துணிபு. ஐந்தாம் பிலிப்பின் உளநோய் தணிய, இரவுதோறும் சில பாடல்களையே பாடினார் என்னும் கதையில் மயங்கியோர், ஆறாம் பெர்டினாந்து காலத்தே அவர் அரசவை இசைநாடகங்களை நடத்திய திறத்தை மறந்தனர். அவர் வேண்டியவாறு மெத்தசுதாசியோ தம் பழைய நாடகங்களைச் சுருக்கித் திருத்தியனுப்பினார். மடல்களில் அவரை இரட்டைப்பிறவியென்றே விளித்தார். ஏவலுக்குப் பாடும் ஒருவரைப் புலவர் இங்ஙனம் மதியார்.

இளமையில் ஆண்மை நீக்கி அவருடலைக் குரற்கருவியாக்கினர் பிறர். அவரைக் குரலளவிலேயே அளக்கும் திறனாய்வாளரும் அக்கொடுமையையே வேறுவகையாற் செய்கின்றனர் என்போம். மூன்றாம் சார்லசு அரியணையேறிய 1759இல்தான், பாரினெல்லி நாடகப்பணி நீங்கிப் பொலோஞாவிற்குத் திரும்ப நேர்ந்தது.