மாகறலின் சாதாரி

செய்யாற்றங்கரை மாகறலுக்கு உடும்பு வால் வடிவ லிங்கத்தைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். எனக்கு அந்த ஊர் ஒரு பண். மூன்றாம் திருமுறையில் சம்பந்தர் மாகறலுக்குப் பாடிய பதிகம் சாதாரிப் பண், இன்றைய பந்துவராளி.

அதை நான் கற்றது மேடைப் பாடகரிடம் அல்ல, பேர் தெரியாத ஓர் ஓதுவாரிடம். நேரிலும் இல்லை; போனில் கிடைத்த ஒலிப்பதிவில். முதல் வரியை மட்டும் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். கச்சேரிக்காரர்கள் பந்துவராளியில் பிரதிமத்தியமத்தை அசைத்து அழவிடுவார்கள். இவர் காந்தாரத்தில் கொஞ்சம் நின்று, மத்தியமத்தைத் தொட்டும் தொடாமலும் பஞ்சமத்துக்குப் போய்விடுகிறார். சொல் உடையக்கூடாது என்பதுதான் அவர் கணக்கு. சீர் முடியும் இடத்தில்தான் மூச்சு. சங்கதி என்று பார்த்தால் ஒன்றோ இரண்டோ. எளிதாச்சே என்று பாடிப் பார்த்தேன், குரல் தானாகவே வளைந்து கச்சேரிக்குப் போயிற்று. வளைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். (அவருக்கு மைக்கும் சரியில்லை, பின்னால் மணிச் சத்தம் வேறு.)

பெரிய வித்வான்களின் பந்துவராளி எனக்கும் பிடிக்கும். ஆனால் தேவாரத்துக்கு இந்த ஓதுவார்தான் சரி. ஆறு மாதத்தில் எனக்கு வந்திருப்பது மூன்று பாட்டு.