வட்டுக்கோட்டைச் செமினரியும் ஒரு கல்லூரி வரலாற்றின் தலைப்பும்

கல்லூரி வரலாறுகளை அங்குப் பயின்றவர்களோ பணியாற்றியவர்களோதான் பெரும்பாலும் எழுதுகின்றனர். விழா மலர், பழைய மாணவர் சங்க வெளியீடு, நூற்றாண்டு வரலாறு எனப் பெயர் எதுவாயினும் நன்றியுணர்வு கலந்தே அவை உருவாகின்றன. தமிழாய்வு இவற்றிலிருந்து ஆண்டுகளையும் பெயர்களையும் எடுத்துக்கொள்கிறது. இவற்றின் நோக்கினை ஆராய்வது அரிது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியையும் யாழ்ப்பாணக் கல்லூரியையும் பற்றி ஜே. வி. செல்லையா 1922இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அவ்வாறு ஆராயத்தக்கது. செல்லையா அக்கல்லூரியின் ஆசிரியர். 'ஆங்கிலக் கல்வியின் ஒரு நூற்றாண்டு' என்பது அவர் நூலின் தலைப்பு.

'நூற்றாண்டு' என்னும் சொல்லை முதலில் நோக்கலாம். அமெரிக்க மிஷனரிமார் செமினரியைத் தொடங்கியது 1823இல். அது மூடப்பட்டது 1855இல். யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது 1872இல். இடையில் பதினேழு ஆண்டுகள் உள்ளன. இரு நிறுவனங்களையும் ஒரே வாழ்வாகக் கருதினாலன்றி இந்நூற்றாண்டு நிறைவுறாது. அவ்வாறு கருதியோர் செமினரியின் பழைய மாணவர்கள். புதிய கல்லூரி எழுந்ததில் அவர்களின் முயற்சிக்குப் பெரும் பங்குண்டு. எனவே 'நூற்றாண்டு' என்பது வெறும் காலக்கணக்கன்று. பழைய மாணவர்களின் உரிமைக் கோரிக்கை எனலாம்.

'ஆங்கிலக் கல்வி' என்பதே கூடுதல் சிக்கலுடையது. 1823ஆம் ஆண்டுத் திட்டம் ஆங்கிலத்தோடு தமிழையும் வடமொழியையும் பயிற்றக் கருதியது. டேனியல் பூவரின் தலைமையில் தொடங்கிய அக்கல்வி இருமொழிக் கல்வியாகவே வளர்ந்தது. ஆங்கிலம் கற்றோர் சமயப் பணியை விடுத்து அரசாங்க உத்தியோகம் நாடுகின்றனர் என்னும் குறை பின்னர் மிஷன் வட்டாரத்தில் வலுத்தது. அமெரிக்கத் தலைமைச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்ததன் விளைவாகச் செமினரி மூடப்பட்டது. மிஷன் எதனைக் குறையாகக் கண்டதோ, அதுவே 1922இல் பெருமைக்குரிய தலைப்பாயிற்று. அத்தலைப்பு 1823இன் நோக்கத்தைக் காட்டவில்லை. 1872இல் கல்லூரி வேண்டிநின்றோரின் விருப்பத்தைக் காட்டுகிறது.

இதற்கு மாறான சான்று அம்மாணவர்களின் எழுத்துகளிலேயே உள்ளது. 1841இல் தொடங்கிய உதயதாரகை தமிழும் ஆங்கிலமும் தாங்கி வந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்கத்தைத் தமிழில் 'நியாய இலக்கணம்' என எழுதினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' (1886) நானூறுக்கும் மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைத் திரட்டியது. சைமன் காசிச்செட்டி இத்தகைய தொகுப்பை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். செமினரியில் ஆங்கிலம் கற்ற சதாசிவம்பிள்ளை தமிழில் எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இதனை எல்லாக் கல்லூரி வரலாறுகளும் போற்றும். தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பை (1887) அதே வரலாற்றின் பகுதியாகக் கொள்வோர் சிலரே. பட்டம் நிறுவனத்தின் கணக்கிலும் பதிப்பு தனிமனிதரின் கணக்கிலும் எழுதப்படுகின்றன.

பழைய மாணவர் எழுத்துகளைத் திரட்ட முற்படுவோர்க்குப் பெயர்களே முதல் இடர். அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயர்களை மாணவர்க்கு இடும் வழக்கம் அங்கு இருந்தது. உதயதாரகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினரியில் கற்ற தமிழரே; பெயரை மட்டும் காண்பவர் அவர்களை அமெரிக்கர் எனக் கொள்ளக்கூடும். ஒருவரே மிஷன் ஆவணத்தில் ஒரு பெயராலும் நூல் முகப்பில் வேறு பெயராலும் காணப்படுவதுண்டு. ஆதலின் நூற்பட்டியலுக்கு முன்பாக, ஒவ்வொருவரின் இருபெயரையும் இணைத்துக் காட்டும் அட்டவணை ஒன்று வேண்டும். அதனை மிஷன் ஆவணங்களை மட்டும் கொண்டு ஆக்க இயலாது. தமிழ் நூல்களின் முகப்புகளையும் சிறப்புப்பாயிரங்களையும் உடன்வைத்து ஒப்பிட வேண்டும்.